கரீபியக் குடும்பங்களுக்குக் கொடிவழி இல்லையா?

கரீபியத் தீவுகளில் வேர்கொண்ட ஒருவர் தம் குடும்பத்தின் பழைய கதையைத் தேடக் கிளம்பினால், கிங்ஸ்டனிலும் லண்டனிலும் டொராண்டோவிலும் அவருக்கு ஒரே பதில்தான் கிடைக்கிறது. தாத்தாவின் திருமுழுக்குப் பதிவு கிடைக்கும், அந்தத் தாத்தாவின் தாத்தா கல்யாணம் செய்துகொண்ட பதிவுகூடக் கிடைக்கலாம், ஆனால் அடிமைமுறை ஒழிந்த 1834-ஐத் தாண்டி ஒன்றும் கிடைக்காது என்கிறார்கள். அடிமைமுறை எல்லாவற்றையும் துடைத்துப் போட்டுவிட்டது. பெயரைப் பறித்தார்கள், தாயையும் பிள்ளையையும் பிரித்து விற்றார்கள், மனிதரைச் சொத்துக் கணக்கில் எழுதினார்கள். அப்படிப்பட்டவர்களுக்கு வம்சாவளி எங்கிருந்து வரும்? வேண்டுமானால் எச்சிலைக் குப்பியில் அடைத்து மரபணு நிறுவனத்துக்கு அனுப்புங்கள், ஆப்பிரிக்காவின் எந்தப் பகுதி எத்தனை சதவீதம் என்று சொல்வார்கள். இரக்கத்தோடுதான் இப்படிச் சொல்கிறார்கள். அந்த இரக்கத்தால்தான் இதை யாரும் எதிர்த்துக் கேட்பதும் இல்லை.

எதிர்த்துக் கேட்டாக வேண்டும். இந்தப் பதிலில் சொல்லப்படும் கொடுமைகள் அத்தனையும் நடந்தவை. அவற்றிலிருந்து எடுக்கப்படும் முடிவுதான் தவறு. கரீபியக் குடும்பங்களின் வரலாறு எழுதப்பட்டது, நினைவிலும் காக்கப்பட்டது. எழுதப்பட்டதில் பெரும்பகுதி அந்த மக்களின் கைக்கு எட்டாத ஊர்களில் வைக்கப்பட்டது. நினைவில் காக்கப்பட்டதைப் படித்தவர்கள் சான்றாக ஏற்க மறுத்தார்கள். இந்த இரண்டும் சேர்ந்து உண்டான வெறுமையை அடிமைமுறையின் தவிர்க்க முடியாத விளைவு என்று சொல்வது, அதற்குப் பொறுப்பானவர்களைத் தப்பவிடுவதாகும்.

வரலாறு இல்லை என்ற கருத்துக்கு நீண்ட பரம்பரை உண்டு. 1888-ல் ஜேம்ஸ் அந்தோணி ஃப்ரூட் என்ற ஆங்கிலேய வரலாற்றாசிரியர் மேற்கிந்தியத் தீவுகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு, தமக்கென்று ஒரு குணமும் நோக்கமும் உள்ள மக்கள் என்று சொல்லத்தக்கவர் அங்கே இல்லை என்று எழுதினார். மறு ஆண்டே டிரினிடாடின் கறுப்பினப் பள்ளி ஆசிரியர் ஜான் ஜேக்கப் தாமஸ், ‘ஃப்ரூடாசிட்டி’ என்ற நூலில் அதை வரிவரியாக எடுத்து மறுத்தார். தம் தீவின் மக்கள் பேசிய கிரியோல் மொழிக்கு 1869-லேயே இலக்கணம் எழுதிய மனிதர் அவர். ஆனாலும் ஃப்ரூட்டின் தீர்ப்பு சாகவில்லை. 1962-ல் அதே டிரினிடாடில் பிறந்த வி. எஸ். நைபால், சாதனையும் படைப்பும் இல்லாத இடத்துக்கு வரலாறு இருக்க முடியாது என்ற பொருளில் எழுதியபோது அது மறுபடி எழுந்து நின்றது. ஃப்ரூட்டிடம் பேரரசின் செருக்கு இருந்தது, நைபாலிடம் கசப்பு இருந்தது, இன்று பேசுபவர்களிடம் அனுதாபம் இருக்கிறது. மூவரும் போய்ச் சேரும் இடம் ஒன்றுதான்.

முதலில் ஆவணங்களைப் பார்ப்போம். 1807-ல் பிரிட்டன் அடிமை வணிகத்தைத் தடைசெய்தது. அடிமைமுறையை அல்ல, ஆப்பிரிக்காவிலிருந்து ஆட்களைக் கப்பலேற்றுவதை மட்டும். தடையை மீறிக் கள்ளத்தனமாக ஆட்கள் இறக்கப்படுகிறார்களா என்று கண்டுபிடிக்க, இருப்பவர்கள் அத்தனை பேரையும் பெயர்வாரியாக எழுதுவதைத் தவிர வேறு வழியில்லை. 1813-ல் டிரினிடாடில் அந்த வேலை தொடங்கியது. 1817 முதல் மற்றத் தீவுகளுக்கும் பரவியது. பல தீவுகளில் மூன்றாண்டுக்கு ஒருமுறை, தோட்ட உரிமையாளர் சத்தியப் பிரமாணம் செய்து, தம்மிடம் உள்ள ஒவ்வொருவரின் பெயரையும் வயதையும் ஆப்பிரிக்காவில் பிறந்தவரா தீவில் பிறந்தவரா என்பதையும் எழுதித் தர வேண்டும். இடையில் பிறந்தவர், இறந்தவர், விற்கப்பட்டவர் யாரென்றும் சொல்ல வேண்டும். ஜமைக்காவின் ஏடுகளில் குழந்தையின் பெயருக்கு எதிரே தாயின் பெயர் பல இடங்களில் இருக்கிறது. டிரினிடாட் இன்னும் ஒரு படி மேலே போனது. 25,000-க்கும் மேற்பட்டவர்களை எழுதியபோது உயரம், தொழில், உடம்பிலுள்ள தழும்பு, ஆப்பிரிக்காவில் எந்த இனத்தார் என்பதோடு, யார் யாருக்கு உறவு என்பதையும் சேர்த்து எழுதினார்கள்.

அந்த ஏடுகளின் படிகள் லண்டனுக்குப் போயின. 1819-ல் அவற்றுக்கென்றே அங்கே ஓர் அலுவலகம் திறக்கப்பட்டது. பதியப்படாத ஆளைப் பிரிட்டனில் விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது என்று சட்டம் வந்ததால், கடன் கொடுத்த வணிகர்களுக்கும் அந்த ஏடுகள் தேவைப்பட்டன. இன்று அவை கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. படங்களாக இணையத்திலும் கிடைக்கின்றன. 2009-ல் யுனெஸ்கோ அவற்றை உலக நினைவுப் பட்டியலில் சேர்த்தது. ஒன்றை ஒப்பிட்டுப் பார்க்கலாம். இங்கிலாந்தில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1801-ல் தொடங்கினாலும், நாடு முழுவதும் ஒவ்வொருவர் பெயரையும் எழுதி வைத்தது 1841-ல்தான். அதற்கு 24 ஆண்டுகள் முன்பே ஜமைக்காவின் கரும்புக்காட்டில் வெட்டுக்கத்தி பிடித்த பெண்ணின் பெயர் அரசாங்க ஏட்டில் ஏறிவிட்டது. ஆங்கிலேயப் பண்ணைக் கூலியின் வாரிசுக்கு யாரும் ‘உனக்கு வரலாறு இல்லை’ என்று சொல்வதில்லை. ஜமைக்காக்காரருக்கு மட்டும் ஏன் சொல்ல வேண்டும்?

இதே ஏடுகளை அடிப்படையாக வைத்துத்தான் 1830-களில் பிரிட்டன் நட்டஈடு கொடுத்தது. கொடுத்தது அடிமைகளுக்கு அல்ல, உரிமையாளர்களுக்கு. சுமார் 8 லட்சம் மனிதரை விடுவிக்க 2 கோடி பவுண்டு. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் கேத்தரின் ஹால், நிக் டிரேப்பர் முதலிய ஆய்வாளர்கள் அந்தக் கோரிக்கைகளைத் தொகுத்து 2013-ல் எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் ஏற்றினார்கள். பிறகு என்ன நடந்தது? பிரிட்டனின் பழைய குடும்பங்கள் வரிசையாகத் தங்கள் மூதாதையரை அங்கே கண்டுபிடித்தன. செய்தியாளர் லாரா டிரெவெல்யனின் குடும்பம், கிரெனடாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைத் தங்கள் முன்னோர் உடைமையாக வைத்திருந்ததை அங்கிருந்துதான் அறிந்தது. 2023 பிப்ரவரியில் கிரெனடாவுக்கே போய் மன்னிப்புக் கேட்டது. நட்டஈடு வாங்கியவரின் கொள்ளுப்பேரன் அந்த ஆவணத்தில் தன் பாட்டனைக் காண்கிறான். யாருக்காக நட்டஈடு வாங்கப்பட்டதோ அவருடைய பெயர் அடிமைப் பதிவேட்டில் இருக்கிறது. முன்னவரின் வாரிசுக்கு வழி திறந்திருக்கிறது என்றும் பின்னவரின் வாரிசுக்குச் சுவர் எழும்பியிருக்கிறது என்றும் சொல்வதில் நியாயம் இல்லை.

குறைகளை மறைக்கத் தேவையில்லை. அந்த ஏடுகள் எசமானின் கையால் எழுதப்பட்டவை. ஜமைக்காவில் தந்தையின் பெயர் பெரும்பாலும் இல்லை. இரண்டு பதிவுகளுக்கு இடையில் பிறந்து இறந்த சிசுக்கள் பல கணக்கில் வராமலே போயின. ‘நான்சி’ என்று ஒரே தோட்டத்தில் நான்கு பேர் இருந்தால் யார் யாரென்று பிரிக்க வயதையும் தாயையும் வைத்து மல்லுக்கட்ட வேண்டும். நடுக்கடலில் இறந்தவர்களின் பெயர்களைக் கப்பல்கள் எழுதவில்லை. இந்த இழப்பு உண்மையானது, யாராலும் ஈடுசெய்ய முடியாதது. ஆனால் இருப்பதையே பாராமல் இல்லை என்று அறிவிப்பது அந்த இழப்போடு இன்னொன்றைச் சேர்க்கிறது.

அடுத்த வாதம் இன்னும் ஆழமாக வேரூன்றியது: அடிமைமுறை குடும்பத்தையே உடைத்துவிட்டது, குடும்பம் இல்லாதவர்களுக்குக் குடும்ப வரலாறு எப்படி இருக்கும்? 1940-களில் டி. எஸ். சைமி போன்ற நலத்துறை அறிஞர்கள் மேற்கிந்தியக் குடும்பத்தைச் சிதைந்த குடும்பம் என்று வருணித்தார்கள். அதற்கான காரணத்தை அடிமைக் காலத்தில் தேடினார்கள். அடிமைக் காலத்துச் சான்றுகளைத் திறந்து பார்த்தவர்கள் குறைவு. ஜமைக்காவின் மாண்டிபெல்லியர் தோட்டங்களில் 1825-ல் வீடுவாரியாக எடுத்த ஒரு கணக்கு இருக்கிறது. எந்த வீட்டில் யார் இருந்தார்கள், வீடு எதனால் கட்டப்பட்டது, எத்தனை கால்நடை வைத்திருந்தார்கள் என்பதெல்லாம் அதில் உண்டு. வரலாற்றாசிரியர் பி. டபிள்யூ. ஹிக்மன் 1970-களில் அதை ஆராய்ந்தபோது, அங்கே இருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் கணவன், மனைவி, பிள்ளைகள் என்ற குடும்பமாகவே வாழ்ந்தது தெரிந்தது. விற்பனை, சவுக்கடி, காய்ச்சல் எல்லாவற்றுக்கும் நடுவே கட்டிக் காத்த குடும்பங்கள் அவை. அவற்றை இல்லாதவை என்று சொன்னது அறிஞர்களின் அவசரம்.

ஜமைக்காவின் வெஸ்ட்மோர்லேண்டிலுள்ள மெசொபொட்டேமியா என்ற தோட்டமும் அப்படித்தான். அதன் உரிமையாளர்களான பார்ஹாம் குடும்பம் 1762 முதல் 1833 வரை ஏறத்தாழ ஆண்டுதோறும் ஆள்கணக்கு எடுத்தது. ரிச்சர்ட் டன் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் பல பத்தாண்டுகள் அந்தப் பட்டியல்களோடு உட்கார்ந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் வாழ்க்கையை ஒவ்வொன்றாகக் கோத்தெடுத்தார். யார் எப்போது பிறந்தார், எந்த வயதில் எந்த வேலைக்கு மாற்றப்பட்டார், யாருக்கு எத்தனை பிள்ளைகள், எப்போது நோயில் விழுந்தார் என்பதையெல்லாம் அவர் தொடர்ந்து சென்றார். 2014-ல் வெளிவந்த அவருடைய நூலில் சாரா ஆஃபிர் என்ற பெண்ணின் குடும்பத்தைத் தலைமுறை தலைமுறையாகப் படிக்கலாம். பிரபு வீட்டு ஆட்களைத் தவிர அந்தக் காலத்துச் சாதாரண ஐரோப்பியக் குடும்பங்களில் எத்தனைக்கு இப்படி ஒரு வரலாறு எழுத முடியும்?

பஹாமாஸின் எக்ஸூமா தீவில் காகிதமும் மண்ணும் சேர்ந்தே சாட்சி சொல்கின்றன. ரோல் பிரபுவுக்குச் சொந்தமாயிருந்தவர்களில் 77 பேரை 1830-ல் வேறு தீவுக்கு மாற்ற உத்தரவு வந்தது. பாம்பி என்பவரின் தலைமையில் மறுத்தார்கள், காட்டில் ஒளிந்தார்கள், பிறகு 44 பேர் எசமானின் உப்புப் படகையே எடுத்துக்கொண்டு ஆளுநரிடம் முறையிட நாசோவுக்குப் போனார்கள். பிடித்து அடித்தார்கள், ஆனாலும் இறுதியில் அவர்கள் எக்ஸூமாவிலேயே இருந்தார்கள். வரலாற்றாசிரியர் மைக்கேல் கிரேட்டன் அந்தத் தோட்டங்களின் பட்டியல்களை ஆராய்ந்து, அங்கே குடும்பங்கள் எவ்வளவு உறுதியாகச் சேர்ந்திருந்தன என்று காட்டினார். விடுதலைக்குப் பின் அவர்கள் எடுத்துக்கொண்ட குடும்பப் பெயர் ரோல். அந்தப் பெயரைச் சுமப்பவர்களுக்கு ரோல்வில், ரோல் டவுன் முதலிய ஊர்களின் பொதுநிலத்தில் வீடு கட்டவும் பயிர் செய்யவும் இன்றும் உரிமை இருக்கிறது. எசமானின் பெயரைச் சுமந்தவர்கள் அடையாளத்தைத் தொலைத்தவர்கள் என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் முடிவு கட்டுகிறார்கள். எக்ஸூமாவில் அந்தப் பெயர்தான் பட்டா.

ஜமைக்காவில் இதற்கு வேறு வடிவம். விடுதலைக்குப் பின் சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்கிய நிலத்தை மூதாதையர் விற்காமல் விட்டுப்போனார்கள். ஆண்வழி, பெண்வழி என்ற பேதமில்லாமல் எல்லா வாரிசுக்கும் அது பொது; முன்னோரின் கல்லறைகளும் அந்த முற்றத்திலேயே. 1957-லேயே ஈடித் கிளார்க் இதை விரிவாக எழுதினார். டிரெலானி மாவட்டத்தின் மார்த்தா பிரே கிராமத்தில் பல ஆண்டுகள் ஆய்வு செய்த ஜீன் பெஸன், அந்த நிலங்களைச் சுற்றி வாய்மொழியாகவே காக்கப்பட்ட கொடிவழிகள் அடிமைக் காலம் வரை நீள்வதைக் கண்டார். பிரம்டனிலோ பர்மிங்காமிலோ குடியேறிய பேரப்பிள்ளைக்கும் அந்த முற்றத்தில் பங்கு உண்டு. நில அளவைத் துறையின் கண்ணுக்கு அது தீர்க்கப்படாத பத்திரச் சிக்கல். குடும்ப வரலாற்றைத் தேடுபவருக்கோ அதைவிடச் செழிப்பான இடம் கிடைப்பது அரிது.

வாய்மொழி என்றதும் முகம் சுளிப்பவர்கள் சூரிநாமின் காட்டுக்குள் போக வேண்டும். தோட்டங்களிலிருந்து தப்பி ஓடி, டச்சுப் படைகளோடு நெடுங்காலம் போரிட்டு, 1762-ல் உடன்படிக்கை மூலம் தங்கள் சுதந்திரத்தை ஏற்க வைத்தவர்கள் சாரமாக்கா மக்கள். அவர்களுடைய மூத்தவர்கள் தங்கள் முன்னோரின் ஆதிக்கதைகளை மிகுந்த எச்சரிக்கையோடு காத்து வந்தார்கள். கேட்டவருக்கெல்லாம் சொல்லிவிட மாட்டார்கள். மானுடவியலாளர் ரிச்சர்ட் பிரைஸ் அவற்றைப் பொறுமையாகக் கேட்டு, டச்சு ஆவணங்களோடு ஒப்பிட்டு 1983-ல் வெளியிட்டார். மாட்ஜாவ் என்ற குலத்தின் மூத்தவர்கள், தங்கள் முன்னோர் எந்தத் தோட்டத்திலிருந்து எப்படிக் கிளர்ந்து காட்டுக்குள் வந்தார்கள் என்று சொல்லி வந்தார்கள். 1690-ல் மச்சாடோ என்பவரின் தோட்டத்தில் நடந்த கிளர்ச்சி டச்சுப் பதிவுகளில் அப்படியே இருந்தது. ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் எழுத்தின் துணையின்றி வந்த செய்தி அது.

அந்த நினைவுக்கு நீதிமன்ற மதிப்பும் கிடைத்தது. தங்கள் காட்டை மரம் வெட்டும் நிறுவனங்களுக்கு அரசு தாரைவார்த்தபோது சாரமாக்கா மக்கள் அமெரிக்க நாடுகளுக்கிடையேயான மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2007 நவம்பரில் தீர்ப்பு அவர்களுக்குச் சாதகமாக வந்தது. குடும்பக் கதை தேடுவது ஓய்வுபெற்றவர்களின் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்கள் அந்தத் தீர்ப்பைப் படிக்கட்டும்.

கிரெனடாவுக்குச் சொந்தமான சின்னஞ்சிறு கரியக்கூ தீவில் பெரிய முரசு ஆட்டம் ஒன்று உண்டு. குரோமாண்டி, இக்போ, மாண்டிங், டெம்னே, காங்கோ என்று ஒவ்வோர் இனத்துக்கும் தனித் தாளம். தம் குடும்பம் எந்த இனம் என்பதைத் தந்தைவழியில் அறிந்தவர்கள், தங்கள் தாளம் எழும்போது எழுந்து ஆடுவார்கள். 1950-களில் ஆண்ட்ரூ பியர்ஸ், 1962-ல் ஆலன் லோமாக்ஸ், பின்னர் லோர்னா மெக்டேனியல் என்று பலர் அதைப் பதிவு செய்திருக்கிறார்கள். டிரினிடாடின் தெற்கே ‘மூன்றாம் கம்பெனி’, ‘ஐந்தாம் கம்பெனி’ என்று ஊர்கள் இருக்கின்றன. 1812-ல் தொடங்கிய போரில் அமெரிக்கத் தோட்டங்களிலிருந்து தப்பி பிரிட்டிஷ் படையில் சேர்ந்து சண்டையிட்ட கறுப்பின வீரர்கள், 1816-ல் படைப்பிரிவு படைப்பிரிவாக அங்கே குடியமர்த்தப்பட்டார்கள். அந்த வாரிசுகளுக்கு ஊர்ப்பெயரே தங்கள் முப்பாட்டன் எந்தப் பிரிவில் நின்றார் என்று சொல்லிவிடும்.

‘அழிந்துவிட்டார்கள்’ என்ற சொல்லைக் கரீபியத்தில் யாருக்கும் எளிதில் சூட்டிவிடுகிறார்கள் என்பதற்கு இன்னொரு சான்று கலினாகோ மக்கள். தீவுகளின் ஆதிக்குடிகள் முற்றாக மறைந்துபோனார்கள் என்று பள்ளிப் பாடங்களில் படித்துத்தான் பல தலைமுறைகள் வளர்ந்தன. டொமினிக்காவில் 1903-ல் வரையறுக்கப்பட்ட தங்கள் நிலப்பகுதியில் அவர்கள் வாழ்ந்துகொண்டிருக்கிறார்கள். 2023-ல் அந்த நாட்டின் குடியரசுத் தலைவரான சில்வானி பர்ட்டன் ஒரு கலினாகோப் பெண்மணி.

அப்படியானால் சுவர் எங்கே இருக்கிறது? பெரும்பாலும் விமான நிலையத்தில். டென்மார்க் தன் மூன்று தீவுகளை 1917-ல் அமெரிக்காவுக்கு 2.5 கோடி டாலருக்கு விற்றபோது தீவுகளின் ஆவணங்கள் ஒரு பகுதி கோபன்ஹேகனுக்கும் இன்னொரு பகுதி வாஷிங்டனுக்கும் போய்ச் சேர்ந்தன. செயின்ட் குரோய் தீவின் ஆசிரியை ஒருவர் தம் கொள்ளுப்பாட்டியைத் தேட வேண்டுமென்றால் அட்லாண்டிக்கைத் தாண்டி, டேனிஷ் கையெழுத்தைப் படிக்கவும் கற்க வேண்டியிருந்தது. அந்தத் தீவுகளின் ஆவணக் காப்பகத்தை நடத்திய ஜெனெட் பாஸ்டியன் 2003-ல் இதைப் பற்றி ஒரு நூலே எழுதினார். 2017-ல் விற்பனையின் நூற்றாண்டையொட்டி டென்மார்க் ஏறத்தாழ 50 லட்சம் பக்கங்களை இணையத்தில் திறந்துவிட்டது. நூறு ஆண்டுகளாக ‘இல்லை’ என்று நம்பப்பட்ட கடந்தகாலம் அலமாரியில்தான் இருந்தது.

சூரிநாமில் இதைப் பொதுமக்களே செய்து காட்டினார்கள். 1830 முதல் 1863 வரையிலான அடிமைப் பதிவேடுகளை நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கோயன் ஃபான் காலனும் சூரிநாமின் அன்டன் டி கோம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மாரிட்ஸ் ஹசன்கானும் எடுத்துக்கொண்டார்கள். நூற்றுக்கணக்கானவர்கள் பணம் கொடுத்தார்கள், நூற்றுக்கணக்கான தன்னார்வலர்கள் வீட்டிலிருந்தே பக்கம் பக்கமாகப் பெயர்த்து எழுதினார்கள். 2018-ல் ஏறத்தாழ 80,000 பேரின் பதிவுகள் யாரும் தேடும்படி வெளிவந்தன. 1863-ல் விடுதலையின்போது ஒவ்வொருவருக்கும் புதுக் குடும்பப் பெயர் எழுதப்பட்டதால், இன்று பாரமரிபோவிலோ ரோட்டர்டாமிலோ இருப்பவர் தம் பெயரைப் பிடித்துக்கொண்டே பின்னோக்கிப் போய் தோட்டத்தையும் தாயின் பெயரையும் எட்டிவிடலாம்.

பிரெஞ்சுத் தீவுகளிலும் இதேபோல 1848-ல் அதிகாரிகள் ஊர் ஊராகப் போய் விடுதலை பெற்றவர்களுக்குப் பெயர் எழுதினார்கள். குவாடலூப்பில் மட்டும் 80,000 பேருக்கு மேல். பெயர்களில் சில வேண்டுமென்றே கேலியாக வைக்கப்பட்டவை. ஆனாலும் பெயரோடு வயது, தாய், முந்தைய பதிவெண் எல்லாம் அங்கே இருக்கின்றன. 1998 மே 23-ல் பாரிஸில் நடந்த மௌன ஊர்வலத்திலிருந்து பிறந்த சிஎம்98 என்ற அமைப்பினர் அந்த ஏடுகளைத் தேடிப் பிடித்து, குவாடலூப் குடும்பங்களின் பெயர்களைத் தொகுத்து 2010-ல் நூலாகவே கொண்டுவந்தார்கள். அவர்கள் தொழில்முறை வரலாற்றாசிரியர்கள் அல்லர். தங்கள் பாட்டிகளின் பெயரைத் தெரிந்துகொள்ள விரும்பிய பிரான்ஸ் வாழ் தீவுக்காரர்கள்.

மரபணுச் சோதனைக்கு வருவோம். அதனால் பயன் இல்லை என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. முகம் தெரியாத சொந்தக்காரரை அது அடையாளம் காட்டும்; ஏடுகளில் கண்டதைச் சரிபார்க்க உதவும். ஆனால் அதை ஆவணங்களுக்கு மாற்றாக விற்பது தவறு. பத்துத் தலைமுறை பின்னால் போனால் ஒருவருக்கு 1,024 மூதாதையர் இடங்கள் இருக்கின்றன. தாய்வழியை மட்டும் காட்டும் சோதனை அவர்களில் ஒருத்தியைத்தான் தொடும். சதவீதக் கணக்கோ, நிறுவனத்தின் கையிலிருக்கும் இன்றைய மனிதர்களின் மாதிரிகளோடு ஒப்பிட்டுச் சொல்வது. மாதிரிகள் கூடக்கூடச் சதவீதமும் மாறும். ‘நைஜீரியா 38’ என்று வரும் முடிவிலுள்ள நைஜீரியா, ஒரே காலனியாக இணைக்கப்பட்டது 1914-ல். கப்பலேறிய பெண் அந்தப் பெயரைக் கேட்டதே இல்லை. அவளுடைய மகள் எந்தத் தோட்டத்தில் எந்தக் குழுவில் வேலை செய்தாள், எத்தனை பிள்ளை பெற்றாள், எந்த வயதில் ஓடிப்போகத் துணிந்தாள் என்பதை எச்சில் சொல்லாது, ஏடு சொல்லும். அந்த மகளை எட்டிப் பார்க்காமல் நேராக ஆப்பிரிக்காவுக்குத் தாவும் தேடல், நடுவிலிருந்த இருநூறு முந்நூறு ஆண்டு வாழ்க்கையை வாழத் தகுதியற்றதுபோல் நடத்துகிறது.

இந்தியாவிலிருந்து போனவர்களைப் பற்றித் தமிழ்நாட்டில் நிலவும் பேச்சும் இதற்குச் சற்றும் குறைந்ததல்ல. மொழியைத் தொலைத்தார்கள், எனவே எல்லாவற்றையும் தொலைத்தார்கள் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். 1838 முதல் 1917 வரை கயானா, டிரினிடாட், சூரிநாம், ஜமைக்கா, பிரெஞ்சுத் தீவுகள் என்று 5 லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கரீபியத்துக்குப் போனார்கள். பிரிட்டிஷ் குடியேற்றச் சீட்டில் பெயர், தந்தை பெயர், சாதி, மாவட்டம், கிராமம், அங்க அடையாளம் எல்லாம் எழுதப்பட்டன. 1903-ல் கர்ப்பிணியாகத் தன்னந்தனியே கல்கத்தாவில் கப்பலேறிய சுஜாரியா என்ற பெண்ணின் தடத்தை அவருடைய கொள்ளுப்பேத்தி கயூத்ரா பகதூர் அப்படித்தான் பிடித்து, 2013-ல் ஒரு முழு நூலாக எழுதினார்.

புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் தமிழர் பலர் போய் இறங்கிய தீவு குவாடலூப். 1854 முதல் 1889 வரை அங்கே சுமார் 42,000 இந்தியர்கள் கொண்டுபோகப்பட்டார்கள். ராமசாமி, முத்துசாமி, வீரப்பன், நாகப்பன் என்ற பெயர்கள் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் இன்றும் அங்கே குடும்பப் பெயர்களாக வாழ்கின்றன. கப்பெஸ்தேரில் 1863-ல் பிறந்த ஹென்றி சிதம்பரம், அங்கே பிறந்த இந்தியர்களுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமையும் வாக்குரிமையும் வேண்டும் என்று 1904-ல் தொடங்கிய போராட்டத்தை 1923-ல் வெற்றி காணும்வரை விடவில்லை. அந்த ஊரின் சாங்கி கோயிலில் மாரியம்மனை இன்றும் வழிபடுகிறார்கள். வீட்டில் தமிழ் பேசுவதில்லை என்ற ஒரே காரணத்தால் இவர்களை அடையாளம் இழந்தவர்கள் என்று இங்கிருந்து தீர்ப்பெழுத நமக்கு என்ன உரிமை? சிதம்பரம் கேட்டது ஊர் திரும்பும் உரிமை அல்ல. தாம் பிறந்த தீவில் சமமாக வாழும் உரிமை. தம் வேர் எந்த மண்ணில் இருக்கிறது என்பதில் அவருக்குக் குழப்பம் இருந்ததாகத் தெரியவில்லை.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. ஒப்பந்தக் கூலியின் சீட்டும் அடிமைப் பதிவேடும் உழைப்பவரைக் கட்டுப்படுத்த அதிகாரம் எழுதியவைதான். முன்னதை வைத்து வம்சாவளி எழுதலாம் என்று எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். பின்னதை வைத்து எழுதலாம் என்றால் மட்டும் சந்தேகப்படுகிறார்கள். ஆப்பிரிக்க வழியினரிடம் எதுவும் மிஞ்சியிருக்க முடியாது என்ற பழைய ஃப்ரூட்டின் எண்ணம்தான் அந்தச் சந்தேகத்துக்குள் ஒளிந்திருக்கிறது.

பதிவு இல்லாமல் போவது எப்படி என்பதைக் காட்ட அண்மைக் காலமே போதும். 1948-ல் கரீபியத்திலிருந்து எம்பயர் விண்ட்ரஷ் கப்பலில் வந்தவர்களும் பின்தொடர்ந்தவர்களும் பிரிட்டனைக் கட்டியெழுப்பினார்கள். அவர்களோடு பிள்ளைகளாக வந்தவர்களிடம் அறுபது வயதில் ‘நீ எப்போது வந்தாய், நிரூபி’ என்று கேட்டார்கள். நிரூபிக்கக்கூடிய வருகைச் சீட்டுகளை உள்துறை அமைச்சகமே 2010-ல் அழித்திருந்தது 2018-ல் வெளியே தெரிந்தது. அதற்குள் பலர் வேலையை இழந்தார்கள், பலருக்குச் சிகிச்சை மறுக்கப்பட்டது, சிலர் நாடு கடத்தப்பட்டார்கள். ‘கரீபியர்களுக்கு ஆவணம் இருக்காது’ என்று பொதுப்புத்தியில் ஏறிவிட்ட பிறகு, இருக்கும் ஆவணத்தை அழிப்பவருக்கும் உறுத்தாது.

காப்பாற்றப் பணம் ஒதுக்காமல் இருப்பவருக்கும் உறுத்தாது. 2024 ஜூனில் பார்படோஸ் ஆவணக் காப்பகத்தின் ஒரு கட்டடம் தீக்கிரையாகி, மீட்க முடியாத ஏடுகள் அழிந்தன. செயின்ட் வின்சென்ட், கிரெனடா, மாண்ட்செராட், அங்குயிலா ஆகிய தீவுகளில் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு பழைய ஏடுகள் சில படமெடுக்கப்பட்டிருக்கின்றன. புழுவும் ஈரமும் புயலும் மற்றவற்றுக்காகக் காத்திருக்கப் போவதில்லை. ஜமைக்காவில் மட்டும் விடுதலையின்போது இருந்தவர்கள் 3 லட்சத்துக்கும் மேல். அவர்களுடைய மூன்றாண்டுப் பதிவுகளை ஒன்றோடொன்று கோத்து, பின்னால் வந்த திருமுழுக்கு ஏடுகளோடும் திருமண ஏடுகளோடும் இணைத்து, எந்தப் பேத்தியும் காசில்லாமல் தேடும்படி செய்ய ஆட்களும் பணமும் வேண்டும். உரிமையாளர்களுக்கு நட்டஈடு கொடுக்க வாங்கிய கடனை 2015 வரை சுமந்து அடைத்த பிரிட்டிஷ் கருவூலம் அந்தச் செலவை ஏற்கட்டும்.